அசைவும் அயர்வும்: மனச்சோர்வு தணிக்கும் நடையும் துயிலும்

‘அசைவு’ என்னும் சொல் தமிழில் இருவேறு பொருளைத் தாங்கி நிற்பது. இடம் பெயர்தலும் அசைவே. தளர்ந்து ஓய்தலும் அசைவே. கிளை அசைகிறது என்கிறோம். வழிநடந்து இளைத்தவர் ஓரிடத்து ‘அசைஇ’ இருந்ததாகச் சங்கச் சான்றோர் கூறுவர். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகை தோன்றும் களன்களை நான்காக வகுத்தபோது, இழிவு, இழப்பு, வறுமை ஆகியவற்றோடு அசைவையும் ஒன்றாக வைத்தார். தளர்ச்சி என்றும், முன்னிருந்த நிலை கெட்டு வருந்துதல் என்றும் உரையாசிரியர்கள் அதற்குப் பொருள் விரித்தனர்.

ஒரே சொல்லுள் இயக்கமும் தளர்ச்சியும் அடங்கியிருப்பது சிந்திக்கத்தக்கது. மனச்சோர்வு என்னும் நோயில் பிறர் கண்ணுக்குப் புலனாகும் மாற்றங்களுள் தலையாயவை இரண்டு. பகலில் இயக்கம் குறைகிறது. இரவில் துயில் குலைகிறது. இவ்விரண்டையும் சிறிது சிறிதாகச் சீர்செய்தால் மனமும் அவற்றின் பின்னே சீர்பெறத் தொடங்கும் என்பதைக் கடந்த ஐம்பதாண்டு ஆய்வுகள் காட்டி வருகின்றன. அவ்வுண்மையைக் கடலூர், சிதம்பரம் வட்டார வாழ்க்கையோடு பொருத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சோர்வு வேறு, சோம்பல் வேறு

வள்ளுவர் ‘மடியின்மை’ எனத் தனி அதிகாரம் வகுத்துச் சோம்பலையும் மிகுதுயிலையும் கடிந்தார். அவ்வதிகாரத்தை நோயுற்றவர்மீது ஏவுவது நம் இல்லங்களில் அடிக்கடி நிகழ்கிறது. “நன்றாகத்தானே இருக்கிறாய், எழுந்து வேலையைப் பார்” என்பர் பெரியோர். ஆனால் செய்ய இயன்றும் செய்யாதிருப்பது மடி. செய்ய விரும்பியும் இயலாது கிடப்பது சோர்வு. முன்னது ஒழுக்கத்தைச் சார்ந்தது. பின்னது உடலையும் உள்ளத்தையும் ஒருங்கே பற்றும் நோய்.

துயரமோ, எதிலும் நாட்டமின்மையோ ஏறக்குறைய நாள் முழுவதும் இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் நீடித்தல் இதன் முதன்மை அடையாளம். அதனோடு உறக்கக் கேடு, பசி மாற்றம், ஓயாத களைப்பு, கவனம் சிதறல், தன்னையே குற்றவாளியாகக் கருதுதல், வாழ்வை வெறுத்தல் ஆகியவற்றுள் சிலவும் சேர்ந்து நின்று, அன்றாடக் கடமைகளைக் குலைக்குமாயின் அது மருத்துவம் வேண்டும் நிலையாகும்.

பெங்களூரு தேசிய மனநல நிறுவனம் 2015-16ஆம் ஆண்டுகளில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நம் நாட்டு வயது வந்தோரில் 20 பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் மனச்சோர்வுக்கு ஆளாகின்றனர் என மதிப்பிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் எவ்வகை மருத்துவமும் பெறாதவர் என்பதையும் அது வெளிப்படுத்தியது. இந்திய மாநிலங்களின் நோய்ச்சுமையை ஒப்பிட்டு 2020இல் வெளிவந்த ஆய்வொன்று, மனச்சோர்வு மிகுதியாகக் காணப்படும் மாநிலங்களின் வரிசையில் தமிழகத்தை முன்னே வைத்தது. ஆதலின் இது எங்கோ பிறர்க்கு உற்ற துன்பம் அன்று. நம் தெருவில், நம் வகுப்பறையில், நம் இல்லத்தில் நிகழ்வது.

அன்றாட ஒழுங்கு அறுபடும்போது

நம் மாவட்டம் பேரிடர்களை அறிந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்த ஆழிப்பேரலை கடலூர் மாவட்டக் கரையோரத்தில் 600க்கும் மேற்பட்டோர் உயிரைக் கவர்ந்தது. பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் உடனே முன்வந்து மீனவ மக்களுக்கு உணவும் தங்குமிடமும் அளித்த செய்தி இன்றும் நன்றியோடு நினைக்கப்படுகிறது. உணவு ஒரே நாளில் வந்து சேர்ந்தது. அறுந்துபோன அன்றாட ஒழுங்கு அவ்வாறு ஒரே நாளில் வந்து சேரவில்லை. விடியுமுன் எழுந்து படகு தள்ளியவர்க்குப் படகும் இல்லை. கடலுக்குப் போகும் துணிவும் இல்லை. மீன்கூடை சுமந்து ஊர் ஊராய் நடந்த பெண்களுக்கு நடப்பதற்குரிய காரணமே இல்லாது போயிற்று.

2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோது பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பகுதிகளில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. புதுக்கன்று நட்டால் பயன் காணச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை, நாள்தோறும் தோப்புக்குச் சென்றவர் எங்கே செல்வார்?

இழப்பினால் துயர் வருவது இயல்பு. ஆனால் இழப்போடு அன்றாட இயக்கமும் நின்றுவிடின் துயர் வேரூன்றுகிறது. வெளியே செல்லாதவர் மனிதரைக் காண்பதில்லை. காணாதவர்க்கு ஓர் இன்சொல்லும் வாய்ப்பதில்லை. மகிழ்ச்சி வருதற்குரிய வாயில்கள் ஒவ்வொன்றாக அடைபடவே, எழுவதற்குரிய விருப்பம் மேலும் குன்றுகிறது. அமெரிக்க உளவியலறிஞர் பீட்டர் லூவின்சன் 1970களில் இச்சுழலை விளக்கி, மனச்சோர்வு மருத்துவத்துக்குப் புதுவழி காட்டினார்.

பேரிடர் இல்லாத இல்லத்திலும் இச்சுழல் தோன்றும். பணி ஓய்வு பெற்ற மறுநாளே ஆசிரியர்க்கு நாளின் வடிவம் மாறிவிடுகிறது. வெளிநாட்டில் பல்லாண்டு உழைத்து ஊர் திரும்பியவர், வேலை மணி ஒலிக்காத வீட்டில் செய்வதறியாது அமர்ந்திருக்கிறார். கணவர் சவூதி அரேபியாவில் இருக்க, அங்கு இரவு 9 மணிக்கு அவர் பேசத் தொடங்கும்போது இங்கு மணி 11:30 ஆகிறது. பேசி முடித்து, அப்பேச்சையே நினைத்துக் கிடக்கும் மனைவியின் துயில் நாள்தோறும் நள்ளிரவைத் தாண்டுகிறது. இவை சிறிய செய்திகளாகத் தோன்றலாம். ஆயினும் நாளின் ஒழுங்கு இத்தகைய சிறியவற்றாலேயே கட்டப்படுகிறது, இவற்றாலேயே குலைகிறது.

செயல் முன், மனம் பின்

“மனம் சரியானால் எழுந்து நடப்பேன்” என்பது நோயுற்றவர் கூற்று. மருத்துவ ஆய்வு இவ்வரிசையை மாற்றிக் கூறுகிறது. எழுந்து நடத்தலே மனம் சரியாவதற்குரிய வழிகளுள் ஒன்று. ஊக்கம் வரும்வரை காத்திராமல், மிகச் சிறிய செயலைக் குறித்த நேரத்தில் செய்யத் தொடங்கினால், செயலின் பயனாக ஊக்கம் பிறக்கும். இதனைச் செயலூக்க மருத்துவம் எனலாம்.

இம்முறை நம் நாட்டிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டது. விக்ரம் பட்டேல் என்னும் மனநல அறிஞரும் ‘சங்காத்’ அமைப்பினரும் கோவாவில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடுமையான மனச்சோர்வுற்ற 495 பேரிடம் இதனை ஆராய்ந்தனர். ஒரு சாரார்க்கு வழக்கமான கவனிப்போடு 6 முதல் 8 வரையிலான ஆலோசனை அமர்வுகள் அளிக்கப்பட்டன. அவ்வமர்வுகளை நடத்தியவர் மருத்துவர் அல்லர். முறையாகப் பயிற்சி பெற்ற பொதுமக்களே. மூன்று மாத முடிவில் அமர்வுகள் பெற்றோரில் 64 விழுக்காட்டினர் நோய் தணிந்த நிலையை எய்தினர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரில் அவ்வாறு தேறியவர் 39 விழுக்காட்டினரே. 2017இல் வெளிவந்த இவ்வாய்வு நமக்கு இரண்டு செய்திகளைக் கூறுகிறது. செயலால் மனம் தேறும் என்பது ஒன்று. தேற்றுதற்குப் பெரும்படிப்பு எல்லா நிலையிலும் தேவையில்லை, பயிற்சியும் பரிவும் உடைய அயலாரும் துணைநிற்கலாம் என்பது மற்றொன்று.

நடை என்னும் மருந்து

இயக்கங்களுள் எளியது நடை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து அறிஞர் ஜேம்ஸ் புளூமெந்தால் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வில் 50 வயதும் அதற்கு மேலும் ஆன, மனச்சோர்வுற்ற 156 பேர் பங்குகொண்டனர். வாரம் மும்முறை நடை, மென்னோட்டம் முதலிய பயிற்சி செய்தோரும், மருந்து உட்கொண்டோரும், இரண்டையும் மேற்கொண்டோரும் 16 வாரங்களில் ஏறக்குறைய ஒரே அளவில் தேறினர். மருந்து விரைந்து பயன் தந்தது. பயிற்சி சற்றே மெல்லத் தந்தது. எனவே ஒரு வாரம் நடந்து பார்த்துப் பயனில்லை என விடுதல் தகாது.

218 ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் வெளிவந்த ஆய்வும் நடை, மென்னோட்டம், யோகப் பயிற்சி, தசை வலுப்பயிற்சி ஆகியவை மனச்சோர்வைத் தணிப்பதாகக் கூறுகிறது. அத்தொகுப்பில் உள்ள ஆய்வுகளின் உறுதி ஒன்றுபோல் இல்லை என்பதையும் நாம் கருத்திற்கொள்ளல் வேண்டும். ஆயினும் நோய் வருமுன் காத்தற்கும் நடை உதவும். வாரத்துக்கு 75 நிமிட விரைநடைக்கு இணையான இயக்கம் உடையோர்க்கு, இயக்கமே இல்லாதாரைவிட மனச்சோர்வு வரும் வாய்ப்பு 18 விழுக்காடு குறைவு எனப் பல நெடுங்கால ஆய்வுகளின் தொகுப்பு 2022இல் காட்டியது. நாளொன்றுக்குப் பதினொரு நிமிடம் என்றால் அது எவர்க்கும் எட்டாத அளவன்று.

நடக்க இடமில்லை என்பார்க்கும் நம் ஊர் விடை தருகிறது. கடலூரில் தேவனாம்பட்டினம் கடற்கரையும் மஞ்சக்குப்பம் மைதானமும் உள. சிதம்பரத்தில் நான்கு தேர்வீதிகளும் அண்ணாமலைநகரின் நிழற்சாலைகளும் உள. வெளியே செல்ல இயலாத பெண்டிர்க்கு மொட்டைமாடியும் முற்றமும் போதும். கத்திரி வெயிற்காலத்தில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடல் நன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் திண்ணையிலோ கூடத்திலோ எண்ணி நடக்கலாம். இதய நோய், மூட்டு நோய், நீரிழிவு உடையோர் மருத்துவரிடம் அளவு கேட்டுத் தொடங்குதல் முறை.

துயிலும் உடலின் கடிகாரமும்

நம் உடலுக்குள் ஏறக்குறைய 24 மணி நேரச் சுழற்சியுடைய கடிகாரம் ஒன்று இயங்குகிறது. அதன் மூலக்கூற்று இயக்கத்தைக் கண்டறிந்த அமெரிக்க அறிஞர் மூவர்க்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. மூளையின் அடிப்பகுதியில் அமைந்த அக்கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைப்பது முதன்மையாகக் காலை ஒளி. அறைக்கதவைச் சாத்தி, திரையிட்டுக் கிடப்பவர்க்கு அவ்வொளி கிட்டுவதில்லை. கடிகாரம் பின்தங்குகிறது, இரவில் துயில் வருவதில்லை, விடியற்பொழுதில் கண்ணயர்ந்து பகலில் தளர்கிறார்.

இத்துறையில் தமிழகத்தின் பங்கு பெருமைக்குரியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் காலவுயிரியலை வளர்த்தார். அவரும் மாரிமுத்து முதலிய அறிஞரும் மதுரைப் பகுதிக் குகையொன்றில் வௌவால்களை ஆராய்ந்து 1981இல் அரியதோர் உண்மையை வெளியிட்டனர். ஒளியே புகாத குகையுள் கூண்டில் அடைபட்ட வௌவால், தன் இனத்தார் மாலையில் வெளியேறுவதையும் விடியுமுன் திரும்புவதையும் உணர்ந்து, அவற்றோடு தன் உடற்கடிகாரத்தைப் பொருத்திக்கொண்டது. கூட்டம் இல்லாத இடத்தில் அதன் கடிகாரம் தன்போக்கில் விலகி ஓடியது.

வௌவாலுக்குற்றது மனிதர்க்கு அப்படியே பொருந்தும் எனக் கூறுதல் மிகையாகும். எனினும் இருட்டறையில் தனித்துக் கிடக்கும் ஒருவரைப் பற்றி எண்ணும்போது இவ்வாய்வு நினைவில் எழாமல் இராது. வீட்டார் வந்து போதலும், ஒரே நேரத்தில் உடனமர்ந்து உண்ணுதலும், மாலையில் ஒருவர் வாயிலில் நின்று “வாருங்கள், சிறிது நடந்து வருவோம்” என அழைத்தலும் நாளின் ஒழுங்கை அவர்க்கு மீட்டுத் தரும்.

துயில் கெடுதல் மனச்சோர்வின் விளைவு மட்டும் அன்று; காரணமும் ஆகும். அமெரிக்காவில் 60 வயது கடந்த, மனச்சோர்வு இல்லாத, ஆனால் துயிலின்மையால் வருந்திய 291 பேரிடம் நடந்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. துயிற்பழக்கத்தைத் திருத்தும் பயிற்சி பெற்றோரில் மூன்றாண்டுகளுக்குள் மனச்சோர்வுக்கு ஆளானோர் 12.2 விழுக்காட்டினர். பொதுவான துயில்நலக் கல்வி மட்டும் பெற்றோரில் அவ்வாறு ஆளானோர் 25.9 விழுக்காட்டினர். முதியோர் நிறைந்த நம் இல்லங்களுக்கு இது பெருஞ்செய்தி.

அப்பயிற்சியில் இடம்பெறும் விதிகள் சிலவற்றை ரிச்சர்டு பூட்சின் என்னும் அறிஞர் 1972லேயே வகுத்தார். அவை எளியவை. துயில் வரும்போது மட்டும் படுக்கைக்குச் செல்க. படுக்கையில் கைப்பேசி பார்த்தலும் கணக்கு எண்ணுதலும் வேண்டா. இருபது நிமிட அளவில் உறக்கம் வராவிடின் எழுந்து, மங்கிய ஒளியில் அமர்ந்து, உறக்கம் வந்தபின் மீண்டும் படுக்க. இரவு எவ்வாறு கழிந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுக. இவற்றுள் இறுதியாகச் சொன்னதே தலையாயது. உறங்கும் நேரம் நம் கையில் இல்லை. எழும் நேரம் நம் கையில் உள்ளது.

நம் மாவட்டத்து மருதூரில் 1823இல் தோன்றி, வடலூரில் 1867இல் சத்திய தருமச்சாலை கண்ட இராமலிங்க அடிகள் ‘நித்திய கரும விதி’ என்னும் உரைநடைப் பகுதியில், கதிர் எழுமுன் துயில் நீங்குதலையும் பகல்துயில் தவிர்த்தலையும் அன்றாட விதிகளாக வகுத்துள்ளார். நம் இல்லங்களில் நண்பகற் சிறுதுயிலைக் ‘கைலூலா’ எனப் போற்றுவதும் உண்டு. இரவில் நன்கு உறங்குவோர் பிற்பகல் மூன்று மணிக்கு முன் அரைமணி நேரத்துக்கு மிகாமல் கண்ணயர்வதில் தீங்கில்லை. இரவில் உறக்கம் வாராதோர் அதனையும் சில வாரங்களுக்கு நிறுத்திப் பார்த்தல் வேண்டும். மாலைத் தேநீரும் காப்பியும் உடலில் பல மணிநேரம் தங்கித் துயிலைத் தடுப்பன; அவர்கள் நான்கு மணிக்குப் பின் அவற்றைத் தவிர்த்தல் நன்று.

தொடங்கும் முறை

முதல் வாரத்தில் இரண்டே செயல் போதும். ஒன்று, எழும் நேரத்தை நிலைப்படுத்துதல். ஆறு மணி எனக் குறித்தால் விடுமுறை நாளிலும் ஆறு மணியே. மற்றொன்று, எழுந்த ஒருமணி நேரத்துக்குள் வெளியொளியில் பத்து நிமிடம் நடத்தல். பத்து நிமிடமும் இயலாதவர் வாயில்வரை சென்று நிற்கட்டும். மறுநாள் தெருமுனைவரை செல்லட்டும். வாரந்தோறும் ஐந்து நிமிடம் கூட்டி அரைமணியை எட்டலாம்.

இரண்டாம் வாரத்தில் முன்பு விரும்பிச் செய்த ஒரு செயலையும், தள்ளிப்போட்ட ஒரு கடமையையும் சேர்த்துக்கொள்க. செடிக்கு நீர் ஊற்றுதல், நூலகம் செல்லுதல், அங்காடியில் மீன் வாங்கி வருதல், பேரனைப் பள்ளியில் விட்டு வருதல் என எதுவும் ஆகலாம். சிறு குறிப்பேட்டில் செய்த செயலையும், செய்தபின் மனம் இருந்த நிலையை 10க்கு எத்தனை என்பதையும் எழுதி வருக. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் எச்செயல் தமக்கு உதவுகிறது என்பது தாமே அறியக் கிடைக்கும். ஒருநாள் தவறினால் மறுநாள் தொடர்க. தவறிய நாளைக் குற்றமாக எண்ணிக் குமைதல் அந்நோயின் வேலையே.

வைகறைத் தொழுகைக்குப் பள்ளிவாசல் நடந்து செல்வோர்க்கும், காலையில் கோயில் வலம் வருவோர்க்கும் எழும் நேரமும் நடையும் மனிதர் கூட்டமும் ஒருங்கே வாய்த்துள்ளன. நோன்பு மாதத்தில் சஹர் உணவும் இரவுத் தொழுகையும் துயிலைப் பிரிப்பதால், மனநல மருந்து உட்கொள்வோர் முன்கூட்டியே மருத்துவரைக் கண்டு, மருந்தும் துயிலும் நோன்பும் குறித்து அறிவுரை பெறுதல் இன்றியமையாதது. வெளிநாட்டிலிருந்து பேசுவோர் ஒருவர்க்கொருவர் ஏற்ற நேரத்தைக் குறித்துக்கொண்டால் இருவர் துயிலும் காக்கப்படும்.

எல்லை அறிதல்

நடையும் துயிலும் மருத்துவத்துக்குத் துணை, மாற்று அன்று. மருத்துவர் தந்த மருந்தைத் தாமே நிறுத்துதல் தீங்கு தரும். தைராய்டுக் குறைபாடும் இரத்தசோகையும் சோர்வாகத் தோன்றலாம் ஆதலின் உடற்பரிசோதனை வேண்டும். எழுச்சியும் தாழ்வும் மாறிமாறி வரும் இருமுனை நோயுடையோர் துயிலைக் குறைத்தல் கூடாது. அது எழுச்சி நிலையைத் தூண்டிவிடும்.

உண்ணவும் எழவும் இயலாத நிலையிலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றும்போதோ காலம் தாழ்த்தலாகாது. அவரைத் தனியே விடாமல் உடன் இருந்து, உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையையோ, சிதம்பரம் அண்ணாமலைநகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ நாடலாம். 2022 முதல் இயங்கும் ‘டெலி மானஸ்’ மனநலத் தொலைபேசி உதவி 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

கூடி நடத்தல்

மாணவர்க்கு நாம் கூறுவது, விடுதியில் ஒரு நண்பர் வகுப்புக்கு வாராது படுத்தே கிடப்பாராயின் அவரைக் கேலி செய்யாது, காலையில் கதவைத் தட்டித் தேநீர்க்கடைவரை உடன் அழைத்துச் செல்லுங்கள் என்பது. ஆசிரியர்க்குக் கூறுவது, வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து விடுபடும் பெயரைத் தண்டத்துக்குரியதாக மட்டும் பார்க்க வேண்டா என்பது. ஊர்ப் பெரியோர்க்குக் கூறுவது, நோயுற்றவர்க்குச் சொல்லும் அறிவுரையில் பாதியைக் குறைத்து, அந்நேரத்தை அவரோடு நடப்பதற்கு அளியுங்கள் என்பது.

தளர்ச்சியைக் குறித்த சொல்லையே இயக்கத்துக்கும் நம் மொழி வைத்தது. தளர்ந்தவர் எவரும் அசைவற்றுப் போனவர் அல்லர். நாளை காலை குறித்த நேரத்தில் எழுந்து, வாயில் கடந்து, பத்து நிமிடம் நடந்தால் அன்றைய மருத்துவத்தில் ஒரு பகுதி முடிந்தது. உடன் நடக்க ஒருவர் இருந்தால் மறுநாள் நடை எளிதாகும்.